இன்பமே எந்நாளும்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

மகிழ்ச்சியையும் மனநிறைவையும் பற்றி வாசகர்கள் எழுதிய கடிதங்களில் சில, சுருக்கப்பட்ட வடிவில், பதில்களுடன் இங்கே இடம்பெறுகின்றன.

கேள்வி: வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவன் நான். கடன் இல்லை, பிள்ளைகள் நல்ல நிலையில் இருக்கிறார்கள். ஆறுபடை வீடுகள், நவக்கிரகத் தலங்கள், பஞ்சபூதத் தலங்கள், காசி, இராமேஸ்வரம் எல்லாவற்றையும் தரிசித்துவிட்டேன். பாடல் பெற்ற தலங்களில் பாதிக்கு மேல் பார்த்தாயிற்று. ஆயினும் ஊர் திரும்பிய சில நாட்களிலேயே மனம் வெறுமையாகிவிடுகிறது. எங்கே குறை வைத்தேன்?
(வாசகர், தஞ்சாவூர்)

பதில்: தங்கள் நிலைக்கு நேராகப் பொருந்தும் ஒரு கணக்கு தைத்திரீய உபநிடதத்தின் ஆனந்தவல்லியில் இருக்கிறது. நல்லொழுக்கமும் கல்வியும் உறுதியும் உடல்வலிமையும் வாய்த்த ஓர் இளைஞனுக்குச் செல்வம் நிறைந்த இப்பூமி முழுவதும் உரிமையானால் அவன் எவ்வளவு மகிழ்வானோ, அதை ஓர் அலகாக வைத்துக்கொண்டு அந்தக் கணக்கு தொடங்குகிறது. அதைப்போல் நூறு மடங்கு மனிதகந்தர்வர்களுக்கு. அதிலும் நூறு மடங்கு தேவகந்தர்வர்களுக்கு. அதன்பின் பித்ருக்கள், மூவகைத் தேவர்கள், இந்திரன், பிரகஸ்பதி, பிரஜாபதி, முடிவில் பிரம்மம் எனப் பத்து முறை நூறால் பெருக்கிக்கொண்டே போகிறது. உச்சியில் நிற்கும் எண் ஒன்றுக்குப் பின் இருபது பூஜ்யங்கள் கொண்டது. இதைப் படிக்கிறவருக்கு அடுத்த படிக்கு ஏறும் வழி எது என்று தேடத் தோன்றுவது இயல்பே. ஆனால் மனிதனுக்குரிய முதற்படியைத் தாண்டியதும் உபநிடதம் ஒவ்வொரு படியிலும் ஒரே தொடரைச் சலிக்காமல் திருப்பிச் சொல்கிறது: வேதம் உணர்ந்து ஆசையால் அடிபடாமல் இருப்பவனுக்கும் இதே இன்பம் உண்டு. இந்திரனுக்கு உள்ளது அவனுக்கும் உண்டு. பிரஜாபதிக்கு உள்ளதும் உண்டு. அதற்காக அவன் ஒரு படியும் ஏறியதாகக் கணக்கில் இல்லை.

தலயாத்திரை வீண் என்று சொல்ல நான் துணியமாட்டேன். ஆனால் பணியில் இருந்தபோது பதவி உயர்வுப் பட்டியலைப் பார்த்துப் பழகிய கண்ணே இப்போது தலங்களின் பட்டியலையும் பார்க்கிறதோ என்று ஐயுறுகிறேன். நவக்கிரகத் தலங்கள் ஒன்பதையும் ஒரே நாளில் சுற்றிவரும் பேருந்துகள் கும்பகோணத்திலிருந்து புறப்படுகின்றன. சூரியனார்கோயில் சந்நிதியில் நிற்கும்போதே கஞ்சனூருக்கு எத்தனை மணிக்குப் போய்ச் சேருவோம் என்று விசாரிப்பவர்களை அங்கே காணலாம்.

திருநாவுக்கரசர் நம்மில் பலரையும்விட அதிகத் தலங்களுக்கு, அதுவும் கால்நடையாக, சென்றவர். சென்ற இடங்களிலெல்லாம் உழவாரப்படையை ஏந்திப் புல்லைச் செதுக்கினார். திருப்புகலூரில் அவர் பணி செய்த இடத்தில் பொன்னும் நவமணிகளும் பருக்கைக் கற்களோடு கலந்து கிடந்தபோது, இரண்டையும் வேறுபடுத்தாமல் உழவாரத்தில் ஏந்திக் குளத்தில் எறிந்தார் என்று பெரியபுராணம் கூறுகிறது. ‘என் கடன் பணி செய்து கிடப்பதே’ என்ற அவருடைய அடியை எல்லாரும் அறிவோம். அதற்கு முந்திய அடி, அடியேனைத் தாங்குவது இறைவனின் கடன் என்கிறது. முந்திய அடியில் நம்பிக்கை வைத்தவரால்தான் பிந்திய அடியைப் பாட முடியும்.

ஆகவே ஓராண்டுக்குப் புதிய தலம் எதற்கும் செல்லாதீர்கள். ஒருகாலப் பூசைக்கே ஆள் தேடும் கோயில் ஒன்று தஞ்சைப் பகுதியில் தங்கள் வீட்டுக்கு அருகிலேயே இருக்கும். நந்தவனத்துக்கு நீர் ஊற்றுவதோ, பிரகாரத்தைப் பெருக்குவதோ, வரவுசெலவுக் கணக்கை எழுதிக் கொடுப்பதோ (வங்கியில் இருந்தவருக்கு இது கைவந்த வேலை) ஏதேனும் ஒன்றை ஏற்றுக்கொண்டு, எந்த வேண்டுதலும் வைக்காமல் செய்யுங்கள். முதல் மாதம் இப்போதைய வெறுமை இன்னும் கூடும். சாத்துவிக இன்பம் தொடக்கத்தில் நஞ்சு போலவும் முடிவில் அமுதம் போலவும் இருக்கும் என்று கீதையின் பதினெட்டாம் அத்தியாயம் சொல்வது அந்த முதல் மாதத்துக்கும் பொருந்தும்.

கேள்வி: மென்பொருள் நிறுவனத்தில் பணியாற்றுகிறேன். ‘போதும் என்ற மனமே பொன் செய்யும் மருந்து’ என்று என் பாட்டி அடிக்கடி சொல்வார். போதும் என்று நினைப்பவர்களை எங்கள் துறை வெகு விரைவில் வெளியே தள்ளிவிடும். மனநிறைவுப் போதனை தனிமனிதரின் முன்னேற்றத்துக்கும் நாட்டின் முன்னேற்றத்துக்கும் தடை அல்லவா?
(வாசகி, சென்னை)

பதில்: தங்கள் வாதத்தை மகாபாரதத்தில் மிகத் திறமையாக எடுத்து வைப்பவன் துரியோதனன்.

இந்திரப்பிரஸ்தத்தில் யுதிஷ்டிரர் நடத்திய இராஜசூய வேள்வியைக் கண்டு திரும்பியவன் இளைத்து வெளுத்துப் போகிறான். ‘நல்ல ஆடை உடுத்துகிறாய், ஊனும் சோறும் உண்கிறாய், உயர்ந்த குதிரைகள் உன்னைச் சுமக்கின்றன, உனக்கு என்ன குறை?’ என்று திருதராட்டிரன் கேட்கிறான். தன் செல்வத்தில் ஏதேனும் குறைந்துவிட்டதாக மகனும் சொல்லவில்லை. பாண்டவர்களின் செல்வத்தைப் பார்த்தபின் தன்னுடையது தனக்கு இனிக்கவில்லை என்பதுதான் அவன் முறையீடு. மனநிறைவு செல்வத்தை அழித்துவிடும், நிறைவின்மையே செல்வத்துக்கு வேர், ஆகவே அதையே நான் விரும்புகிறேன் என்று சபாபருவத்தில் தந்தைக்கே அவன் நீதி உரைக்கிறான். இன்றைய அலுவலகக் கூட்டங்களில் நாம் கேட்கும் உரைகளோடு சேர்த்து வைத்தால் இதைத் தனியே பிரித்தறிய முடியாது. அந்த வேரிலிருந்து முளைத்தது சூதாட்டம். பின்னர் வந்தது பதினெட்டு நாள் போர்.

வியாசர் துரியோதனனைச் சோம்பேறியாகவோ திறமையற்றவனாகவோ காட்டவில்லை. கதாயுதப் போரில் பீமனுக்கு வலிமை அதிகம் என்றாலும் பயிற்சியில் மேம்பட்டவன் துரியோதனனே என்று கண்ணனே ஒப்புக்கொள்கிறான். உழைப்பில் குறை வைக்காத அவனுடைய அளவுகோல் மட்டும் எந்நேரமும் பக்கத்து வீட்டில் இருந்தது. தங்களையே ஒன்று கேட்டுப் பாருங்கள்: சென்ற முறை கிடைத்த ஊதிய உயர்வு தங்களுக்கு மகிழ்ச்சி அளித்ததா, அளித்திருந்தால் சக ஊழியரின் உயர்வு எவ்வளவு என்று தெரிந்த பிறகும் அந்த மகிழ்ச்சி நீடித்ததா? துரியோதனனுக்கு நேர்ந்தது இதுவே.

மனநிறைவைச் சாத்திரங்கள் எங்கே வைக்கின்றன என்பதையும் பார்க்க வேண்டும். பதஞ்சலி யோகசூத்திரத்தின் இரண்டாம் பாதம் கூறும் நியமங்கள் தூய்மை, சந்தோஷம் (மனநிறைவு), தவம், சுவாத்தியாயம் (மறைநூல் ஓதுதல்), ஈசுவரப் பிரணிதானம் (இறைவனிடம் ஒப்படைத்தல்) என்ற ஐந்து. சந்தோஷத்தை அடுத்துத் தவம் நிற்கிறது. உழைப்பைக் கைவிடச் சொல்வதே மனநிறைவானால் அதற்கு அடுத்த வரிசையிலேயே வெயிலையும் குளிரையும் பசியையும் பொறுத்துச் செய்யும் தவத்தை அவர் வைத்திருப்பாரா? இந்தச் சூத்திரத்துக்கு வியாச பாஷ்யம் என்ற பழைய உரை தரும் விளக்கம் இன்னும் நுட்பமானது: கைவசம் உள்ள சாதனத்துக்கு மேல் வேண்டும் என்று விரும்பாமையே சந்தோஷம். இது குறிக்கோளைச் சுருக்கிக்கொள்ளச் சொல்வதாக நான் கொள்ளவில்லை. இன்னது கிடைத்தால்தான் தொடங்குவேன் என்று ஏங்கி நிற்காமல் இருப்பதைக் கொண்டு வேலையில் இறங்கச் சொல்வதாகவே கொள்கிறேன். செய்வதையெல்லாம் அரைகுறையாக விட்டுவிட்டு ‘எனக்கு இது போதும்’ என்று சாய்ந்துகொள்பவருக்கு வேறு இடம் உண்டு. உறக்கம், சோம்பல், அசட்டை ஆகியவற்றால் வரும் இன்பம் தாமச இன்பம் என்று கீதை பிரித்துக் காட்டிவிட்டது.

நாட்டின் முன்னேற்றத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆசையை அறுக்கச் சொல்லும் பாடல்களைப் பாடிய மண்ணில்தான் 1010ஆம் ஆண்டில் தஞ்சைப் பெரிய கோயிலும் எழுந்து நின்றது.

ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். நியமம் என்பது ஒருவர் தமக்குத் தாமே விதித்துக்கொள்வது. நியாயமான ஊதியம் கேட்கும் ஊழியரிடம் மேலாளர் ஒருவர் மனநிறைவைப் போதித்தால் அதற்கு ஆன்மிகம் என்று பெயரிட வேண்டாம். உரியதைக் கேட்டு வாங்குங்கள். பக்கத்து இருக்கையைப் பார்த்து அளக்காதீர்கள்.

கேள்வி: இன்பம் வெளிப்பொருளில் இல்லை என்கிறீர்கள். காலையில் முதல் வாய் டிகிரி காபி தரும் ஆனந்தம் காபியில் இல்லாமல் வேறு எங்கே இருக்கிறது?
(கல்லூரி மாணவர், கும்பகோணம்)

பதில்: கும்பகோணத்திலிருந்து வரத்தக்க கேள்விதான். திருவண்ணாமலையில் மௌனமாக இருந்த இரமண மகரிஷியிடம் 1901–02 காலத்தில் சிவப்பிரகாசம் பிள்ளை கேட்ட கேள்விகளுக்கு அவர் எழுதிக் காட்டிய விடைகளே பின்னர் ‘நான் யார்?’ என்ற சிறுநூலாயின. அதில் தங்கள் கேள்விக்கு விடை உண்டு. விரும்பியது கிடைத்த கணத்தில் மனம் அலைச்சலை நிறுத்தித் தன் இருப்பிடத்துக்குத் திரும்புகிறது. அப்போது அது அனுபவிப்பது ஆத்ம சுகத்தையே என்கிறார் அவர். இரண்டாவது டம்ளர் முதல் டம்ளர் அளவுக்கு இனிப்பதில்லை, நான்காவது குமட்டும் என்பதைத் தாங்களே சோதித்தறியலாம். ஆனால் இதைக் காரணம் காட்டிக் காபியை வெறுக்க வேண்டியதில்லை. தைத்திரீயத்தில் வருணனின் மகன் பிருகு முதலில் அன்னத்தையே பிரம்மம் என்று அறிந்து, அங்கிருந்து படிப்படியாக ஆனந்தம் வரை செல்கிறான். சென்று சேர்ந்த பிறகும் அந்த உபநிடதம் அன்னத்தை இகழாதே என்றுதான் விரதம் விதிக்கிறது.

கேள்வி: கடன்படாமலும் வெளியூரில் வாழாமலும் இருப்பவனே மகிழ்கிறான் என்று யக்ஷனிடம் தருமபுத்திரர் சொன்னதாக ஒரு சொற்பொழிவில் கேட்டேன். வீட்டுக் கடனை அடைக்கவே குடும்பத்தைப் பிரிந்து துபாயில் இருக்கிறேன். எனக்கு மகிழ்ச்சி விதிக்கப்படவில்லையா?
(வாசகர், துபாய்)

பதில்: பகலின் ஐந்தாம் பகுதியிலோ ஆறாம் பகுதியிலோ தன் வீட்டில் கீரையைச் சமைத்து உண்டாலும், கடனில்லாமலும் ஊரைப் பிரியாமலும் இருப்பவன் மகிழ்கிறான் என்பதே அந்த விடை. அதைச் சொன்னவர் யார் என்பதை எண்ணிப் பாருங்கள். நாட்டை இழந்து, வனத்தில் அலைந்து, தம்பியர் நால்வரும் பொய்கைக் கரையில் உயிரற்றுக் கிடக்கும்போது நிதானம் இழக்காமல் பேசும் யுதிஷ்டிரர் தம் விடைக்குள்ளேயே அடங்காதவர். அதே உரையாடலில் இன்பங்களில் சிறந்தது எது என்ற கேள்விக்கு அவர் மனநிறைவு என்று விடை கூறுகிறார். கீரைச்சோறு பற்றிய விடை இல்வாழ்வின் சுகத்தைச் சொல்கிறது. மற்றது வனத்திலும் கைகூடும் ஒன்றைச் சொல்கிறது.

கடனும் பிரிவும் துன்பமே. அவற்றை ஆன்மிகச் சொற்களால் மெழுகி அழகாக்க நான் விரும்பவில்லை. தங்களைப் போன்றவர்களிடம் நான் காண்கிற ஆபத்து, முதற்கடன் முடியும் தறுவாயில் மாடி கட்டவும், மனை வாங்கவும், ஊர் வியக்கக் காதணி விழா நடத்தவும் அடுத்த கடன் பிறந்துவிடுவதுதான். ஆசைக்கு ஓர் அளவில்லை, உலகம் முழுவதையும் ஆண்டாலும் கடல்மீதும் ஆணை செலுத்தவே நினைப்பார்கள் என்று பாடும் தாயுமானவர், யோசித்துப் பார்த்தால் எல்லாம் பசிதீர உண்பதும் உறங்குவதுமாக முடியும் என்று அதே பாடலில் கணக்கை நேர்செய்கிறார். எந்தத் தொகையோடு ஊர் திரும்புவது என்று மனைவியோடு கலந்து இப்போதே முடிவு செய்து, எழுதி, இருவரும் ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். நினைத்தபடி திரும்ப முடியாமல் போனாலும், எல்லை தெரிந்த உழைப்பு எல்லையற்ற உழைப்பைப் போல் ஆளைத் தின்பதில்லை.

கேள்வி: என் கணவர் மறைந்து இன்னும் ஓராண்டு நிறையவில்லை. நான் அழும்போதெல்லாம் தேவாரம் ஓதும் என் மைத்துனர், ‘இன்பமே எந்நாளும் துன்பமில்லை என்று அப்பர் பாடியிருக்கிறார், பக்தி உள்ளவர் அழலாமா?’ என்கிறார். எனக்குப் பக்தி இல்லையோ என்று அஞ்சுகிறேன்.
(வாசகி, மதுரை)

பதில்: அழுங்கள், அம்மா. தங்கள் பக்தியில் ஒரு குறையும் இல்லை.

தங்கள் மைத்துனர் மேற்கோள் காட்டும் திருத்தாண்டகம் பிறந்த இடம் வேறு. சமணத்தை விட்டுச் சைவத்துக்குத் திரும்பிய நாவுக்கரசரை அழைத்துவரப் பல்லவ மன்னன் அமைச்சர்களை அனுப்பினான். ‘நாமார்க்கும் குடியல்லோம் நமனை அஞ்சோம்’ என்று தொடங்கி அவர்களுக்கு அவர் கொடுத்த மறுமொழியில்தான் அந்த அடி வருகிறது. அரசாணைக்கு அஞ்சாத ஒருவரின் முழக்கத்தை எடுத்து, கணவரை இழந்த பெண்ணின் வாயை மூடப் பயன்படுத்துவது பொருந்தாது. அதே நாவுக்கரசர் அதற்குச் சில காலம் முன்பு திருவதிகையில் சூலைநோயால் துடித்தபோது, குடலை முறுக்கி முடக்குகிறது, அடியேன் ஆற்றேன் என்று கதறினார். அவர் பாடிய முதற்பதிகமே வலியின் முறையீடுதான் என்பதைத் தேவாரம் ஓதுகிறவர் அறிந்திருப்பார்.

சுந்தரர் இன்னும் ஒருபடி மேலே போனார். இரு கண்களின் பார்வையையும் இழந்து, காஞ்சியில் இடக்கண்ணை மட்டும் திரும்பப் பெற்றுத் திருவாரூருக்கு வந்து நின்றவர், உமக்கே மீளா அடிமையான அடியார்கள் தம் அல்லலைச் சொன்னால் நீர் வாளா இருப்பீர், ‘வாழ்ந்து போதீரே’ என்று இறைவனை ஏசினார். அந்த ஏச்சு ஏழாம் திருமுறையில் ஏறி, கோயில்களில் பண்ணோடு ஓதப்படுகிறது. போருக்குப் பின் யுதிஷ்டிரரைத் தேற்ற வியாசரும் கண்ணனும் தம்பியரும் திரௌபதியும் மாறி மாறி முயன்றும் அவர் எளிதில் தேறவில்லை; பீஷ்மர் அம்புப் படுக்கையிலிருந்து உபதேசிக்க வேண்டியிருந்தது. மகாபாரதத்தின் மிகப் பெரிய பருவமான சாந்திபருவம் ஒருவரின் துயரத்தைத் தணிக்கும் முயற்சியில் விரிந்தது. தங்களுக்கு மட்டும் ஓராண்டுக்குள் தேறிவிட வேண்டும் என்று எவரும் கெடு வைக்கலாகாது.

இன்பதுன்பங்கள் வந்து போகும், நிலையற்றவை, பொறுத்துக்கொள் என்பது கீதையின் வாக்கு. அவை வராது என்று கண்ணன் எங்கும் வாக்களிக்கவில்லை. கூட்டமில்லாத வேளையில் கோயிலுக்குச் சென்று, வேண்டுமானால் சுந்தரரைப் போல் கோபித்துக்கொண்டும் வாருங்கள். உறக்கமும் உணவும் மாதக்கணக்காகக் குலைந்திருந்தால் மருத்துவரைப் பார்க்கத் தயங்காதீர்கள். பதிகத்துக்கும் மருந்துக்கும் பகை இல்லை.

கேள்வி: பக்கவாதத்தால் படுத்திருக்கும் மாமியாரை நான் ஒருத்தியே கவனித்துக்கொள்கிறேன். என் கணவரும் கொழுந்தனாரும் மாலை போட்டுச் சபரிமலைக்குப் போகிறார்கள். பத்து நிமிடம் கண்மூடி உட்கார எனக்கு நேரமில்லை. ‘சேவைதான் உனக்குப் பூஜை’ என்கிறார்கள். எனக்கோ நிறைவு வரவில்லை, எரிச்சல்தான் வருகிறது.
(வாசகி, ஈரோடு)

பதில்: தங்களுக்கு முதலில் வேண்டியது மாற்றுக்கு ஓர் ஆள், தத்துவம் அடுத்தபடிதான். இதற்குமேல் எழுதுவதைத் தங்கள் கணவர் படிக்கட்டும்.

வனபருவத்தில் கௌசிகன் என்ற வேதியர் முதிய பெற்றோரை விட்டு வெளியேறி வேதம் பயின்று தவவலிமை பெறுகிறார். இல்லறப் பெண் ஒருத்தி அவருடைய செருக்கைக் கண்டு, மிதிலையில் இறைச்சி விற்கும் தர்மவியாதரிடம் சென்று அறத்தைக் கற்கும்படி அனுப்புகிறாள். வியாதர் தம் தாய் தந்தையருக்குத் தாமே செய்யும் பணிவிடையைக் காட்டி, அவர்களே தம் தெய்வம் என்கிறார். பிறகு கௌசிகனிடம், உம் பெற்றோர் உம்மைப் பிரிந்த துயரத்தில் பார்வை இழந்து கிடக்கிறார்கள், வீட்டுக்குத் திரும்பிப் போம் என்கிறார். இறைநெறியைத் தேடிச் சென்றவரைத் தாயின் படுக்கைக்குத் திருப்பி அனுப்பும் கதை இது. இந்த வீட்டில் படுத்திருப்பவர் அண்ணன் தம்பி இருவரையும் பெற்றவர். நாற்பத்தொரு நாள் விரதத்தில் நாள்தோறும் இரண்டு மணி நேரம் தாயின் அருகில் இருந்து, உடல் துடைத்து, உணவூட்டுவதையும் அவர்கள் சேர்த்துக்கொள்ளலாம்.

நெய்யுண்ணோம், பாலுண்ணோம், மலரிட்டு முடியோம் என்று நோன்பு தொடங்கும் ஆண்டாள், இருபத்தேழாம் பாசுரத்தில் நெய் முழங்கை வழியாக வழியப் பாற்சோறு உண்ணும்போது ‘கூடியிருந்து குளிர்ந்து’ என்கிறாள். ஒருத்தி மட்டும் நோன்பு நோற்க, மற்றவர்கள் பாற்சோறு உண்ணும் ஏற்பாடு திருப்பாவையில் இல்லை. தங்கள் எரிச்சல் பாவமன்று. பளு அளவுக்கு மீறிவிட்டது என்று உடல் தரும் செய்தி.

கேள்வி: மனநிம்மதிக்கு எந்த மந்திரத்தை எத்தனை முறை சொல்ல வேண்டும்? துளசி மாலையா, ருத்திராட்ச மாலையா?
(வாசகர், சேலம்)

பதில்: குருநாதர் ஒருவர் உபதேசித்திருந்தால் அவர் சொன்ன மந்திரத்தை அவர் சொன்ன அளவுக்குச் சொல்லுங்கள். இல்லையெனில் சிறுவயது முதல் தங்கள் வாயில் தானாக வரும் நாமமே போதும். திருமூலர் எல்லாராலும் ஆகும் என்று நான்கைச் சொல்கிறார்: இறைவனுக்கு ஒரு பச்சிலை, பசுவுக்கு ஒரு வாய் தீனி, உண்ணும்போது பிறர்க்கு ஒரு கைப்பிடி, எவரிடமும் ஓர் இன்சொல். நான்காவதற்குச் செலவே கிடையாது; ஆனாலும் வீட்டில் உள்ளவர்களிடம் அதுவே மிகக் கடினம் என்பதால், ஜபத்தோடு அதையும் ஒரு மண்டலம் பழகிப் பாருங்கள். மாலையைப் பொறுத்தவரை வைணவர்கள் துளசிமணியையும் சைவர்கள் ருத்திராட்சத்தையும் கொள்வது மரபு. தங்கள் குடும்ப வழக்கப்படி செய்யலாம்.